குழந்தையும் வேடமும்

(காட்கோபரில் நடைபெற்ற நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சற்று முன்னர் இம்மேடையில் மூன்று பாரதியார்களையும் இரண்டு ஔவையார்களையும் ஒரு வீரபாண்டியக் கட்டபொம்மனையும் கண்டு மகிழ்ந்தோம். பாரதியார் ஒருவரின் ஒட்டுமீசை பாதிப் பாட்டில் நழுவி விழுந்தது. குழந்தை சிறிதும் கலங்கவில்லை. குனிந்து எடுத்து, ஒரு கையால் மீசையை உதட்டின்மேல் பிடித்துக்கொண்டே மீதிப் பாட்டையும் பாடி முடித்தது. அரங்கம் முழுவதும் கைதட்டிற்று. இத்தகைய வேளையில் பேசுவதற்கு ஏற்ற பொருளாக ஒரு புகைப்படத்தை எடுத்துக்கொண்டுள்ளோம். நாம் கலைத்துறை வல்லுநர் அல்லோம். நாள்தோறும் பதிவேடுகளைப் புரட்டும் இரயில்வே எழுத்தர்தாம். ஆயினும் ஒரு படத்தை நின்று பார்ப்பதற்குக் கண்ணும், அதைப் பற்றிச் சிந்திப்பதற்குப் பிள்ளை பெற்ற நெஞ்சமும் இருந்தால் போதும் என்னும் துணிவில் பேச வந்துள்ளோம்.

அப்படத்தை இம்மலரில் அச்சிட நமக்கு உரிமை இல்லை. ஆகவே சொற்களால் வரைந்து காட்ட முயல்வோம்.

படமும் படமெடுத்தவரும்

இப்படத்தை எடுத்தவர் மேரி எல்லன் மார்க் என்னும் அமெரிக்க அம்மையார். 1940-ல் பிறந்து 2015-ல் மறைந்தவர். நடப்பதை நடந்தவாறே பதிவு செய்யும் ஆவணப் புகைப்படக் கலையில் உலகப் புகழ் பெற்றவர். நம் நாட்டுக்குப் பலமுறை வந்து, மாதக்கணக்கில் தங்கி உழைத்தவர். 1978-ல் நம் பம்பாய் நகரின் ஃபாக்லண்டு சாலையில் உடலை விற்று வாழ நேர்ந்த பெண்களிடையே பழகி அவர் எடுத்த படங்கள் 1981-ல் நூலாக வெளிவந்தன. கல்கத்தாவில் அன்னை தெரசாவின் இல்லங்களையும் அவர் படம் பிடித்தார். பின்னர் 1989, 1990 ஆகிய ஆண்டுகளில் ஊர் ஊராகச் சென்று இந்திய சர்க்கஸ் கூடாரங்களைக் கறுப்பு வெள்ளைப் படங்களாக்கினார். அவை ‘இந்தியன் சர்க்கஸ்’ என்னும் நூலாக 1993-ல் வெளிவந்தன. அந்நூலுக்கு முன்னுரை வழங்கியவர் ஜான் இர்விங் என்னும் நாவலாசிரியர். அவரே அடுத்த ஆண்டில், பம்பாயைக் களமாகக் கொண்டு ‘எ சன் ஆஃப் தி சர்க்கஸ்’ என்னும் நாவலையும் வெளியிட்டார். சர்க்கஸுக்கும் இந்நகருக்கும் உள்ள தொடர்பு பழமையானது. விஷ்ணுபந்த் சத்ரே என்னும் மராட்டியர் முதல் இந்திய சர்க்கஸை 1880-ல் தொடங்கி நடத்திக் காட்டியது இப்பம்பாயிலேதான்.

நாம் எடுத்துக்கொண்ட படம் 1989-ல் எடுக்கப்பட்டது. இடம், குஜராத் மாநிலம் ராஜ்கோட் மாவட்டத்தில் உள்ள உப்லேட்டா என்னும் சிற்றூர். காட்கோபரில் நமக்கு அண்டை வீட்டாராக வாழும் குஜராத்தி அன்பர்கள் பலருக்குப் பூர்விகமான சௌராஷ்டிரப் பகுதி. அங்கே முகாமிட்டிருந்தது கிரேட் ராஜ் கமல் சர்க்கஸ். படத்தில் ஒரு சிறுமி இருக்கிறாள். உடலை வில்லாய் வளைக்கும் வித்தையில் பயின்றவள். அவள் முதுகு பின்புறமாக மடிந்து, கால்கள் தலைக்கு மேலாக முன்னே வந்துள்ளன. நம்மில் எவரும் செய்ய இயலாத அந்த நிலையில் அவள் அமைதியாக இருக்கிறாள். அருகே ஒரு நாய்க்குட்டி. நாய்க்குட்டிகள் எங்கும் இருப்பது போலவே அதுவும் இருக்கிறது. அரங்கத்து விளக்குகள் இல்லை. பாண்டு வாத்தியம் இல்லை. கைதட்டும் கூட்டம் இல்லை. சிறுமியும் நாய்க்குட்டியும் காமிராவும் மட்டுமே.

சர்க்கஸ் என்றதும் நம் தலைமுறையினர்க்கு நினைவு வருவது, இப்படம் எடுக்கப்பட்ட அதே 1989-ல் வெளிவந்த ‘அபூர்வ சகோதரர்கள்’ திரைப்படமாகும். அதில் கமல்ஹாசன் குள்ள உருவம் தாங்கிச் சர்க்கஸ் கலைஞராக நடித்தார். வளர்ந்த ஒருவர் குள்ளராகத் தோன்றியது எவ்வாறு என்று அன்று வியக்காதவர் இல்லை. அது வேடத்தின் வெற்றி. இப்படத்திலோ எவ்வித மாயமும் இல்லை. வளைந்திருப்பது மெய்யான முதுகு. வளைத்திருப்பவள் மெய்யான சிறுமி.

மெய்யா, வேடமா?

இப்படத்தைக் கண்ட சிலர் ஓர் ஐயத்தை எழுப்பலாம். “ஆவணப் படம் என்பது இயல்பாக நடப்பதைக் காட்ட வேண்டும் அன்றோ? இச்சிறுமியோ காமிராவுக்காக வித்தை செய்து காட்டுகிறாள். அரங்கில் செய்வதைக் கூடாரத்தருகே செய்கிறாள். ஆதலால் இதுவும் ஒரு காட்சியே. இதில் உண்மை எங்கே இருக்கிறது?” என்பர்.

இதற்கு விடை காண நாம் அமெரிக்கா செல்ல வேண்டியதில்லை. நம் வீட்டுப் பழைய ஆல்பங்களைப் புரட்டினாலே போதும். பெண் குழந்தைக்குத் தாழம்பூவும் மல்லிகையும் வைத்துச் சடை தைத்து, ஸ்டூடியோவுக்கு அழைத்துச் சென்று, பின்னல் தெரியும்படி பின்னால் ஒரு கண்ணாடியை நிறுத்தி எடுத்த படம் இல்லாத தமிழ்க் குடும்பம் உண்டா? ஆண் குழந்தைக்குப் பாவாடை கட்டிப் பொட்டிட்டு எடுத்த படங்களும் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் தொங்கியிருக்கின்றன. வண்ணத் திரையில் வரைந்த மாளிகைப் படிக்கட்டின் முன், அட்டையில் செய்த பிறைநிலவின் மேல் நம்மை உட்கார வைத்து எடுத்தார்கள். அப்படங்கள் பொய்யா? அல்ல. பின்னால் இருப்பது மாளிகை அன்று என்பதைப் பார்ப்பவர் அனைவரும் அறிவர். ஆனால் அக்குழந்தையின் விரல் தாயின் புடைவைத் தலைப்பைத் தேடுவதும், சடையின் கனத்தால் கழுத்து ஒரு பக்கம் சாய்வதும், அழுது ஓய்ந்த கண்ணில் மை கரைந்திருப்பதும் பொய் அல்ல. வேடத்தை வேடமென்றே காட்டும் படம் பொய் சொல்வதில்லை. வேடத்தை இயல்பென்று காட்டும் படமே பொய் சொல்லுகிறது.

சர்க்கஸ் அரங்கில் நிகழ்வது இந்த இரண்டாவது வகை. பளபளக்கும் உடை, வண்ண விளக்கு, முழங்கும் இசை, மாறாத புன்னகை ஆகிய நான்கும் சேர்ந்து, “இதில் துன்பமே இல்லை, காற்றில் பூ அசைவது போன்றதே இது” என்று நம்மை நம்பச் செய்கின்றன. இரண்டு நிமிடத்தில் அடுத்த வித்தை வந்துவிடும். கைதட்டிவிட்டு மறந்துவிடுவோம். மேரி எல்லன் மார்க் அம்மையார் செய்ததெல்லாம், விளக்கையும் இசையையும் கூட்டத்தையும் நீக்கிவிட்டு அந்த வித்தையை மட்டும் நிறுத்தி வைத்ததே. அரங்கில் வித்தையைக் கண்ட நாம், படத்தில் வித்தை செய்யும் பிள்ளையைக் காண்கிறோம். அந்த முதுகு அவ்வாறு வளைவதற்கு எத்தனை விடியற்காலைகள் வேண்டியிருந்திருக்கும் என்னும் எண்ணம் எழுகிறது. கழைக்கூத்தாடியின் மகள் தெருவில் கயிற்றின்மேல் நடக்கும்போது, கீழே நிற்கும் நாம் அவள் காலையே பார்க்கிறோம். அவள் முகத்தைப் பார்ப்பது அரிது. முகத்தைப் பார்க்கும்படி செய்ததே இப்படத்தின் முதற்சிறப்பு.

இரண்டாவது சிறப்பு, இரக்கத்தை யாசிக்காமை. அழும் குழந்தையைப் படமெடுத்து நம்மை அழவைப்பது எளிது. இச்சிறுமி அழவில்லை. தனக்குத் தெரிந்த அரிய வித்தையைத் தான் செய்து காட்டுகிறாள். அவள் திறமையைச் சிறிதும் குறைத்துக் காட்டாமலே அவள் சிறுமி என்பதையும் படம் நமக்கு உணர்த்துகிறது. அதற்குத் துணை செய்வது பக்கத்தில் இருக்கும் நாய்க்குட்டி. வளைந்த உடல் தொழிலைச் சொல்லுகிறது. நாய்க்குட்டி வயதைச் சொல்லுகிறது. நாய்க்குட்டியோடு விளையாடும் பருவத்தில் இருப்பவள் இவள் என்பதை, அறிவுரை ஒன்றும் கூறாமலே நமக்குச் சொல்லிவிடுகிறது.

இதே அம்மையார் 1990-ல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் எடுத்த மற்றொரு படமும் புகழ் பெற்றது. குழந்தைகள் நீராடும் சிறு தொட்டியில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, முகப்பூச்சும் ஒட்டுநகமுமாக, கையில் சிகரெட்டுடன் பெரிய பெண்ணைப் போல நிற்கிறாள். அருகே அவளுடைய ஒன்றுவிட்ட சகோதரி இருக்கிறாள். இரு படங்களையும் ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு புலனாகும். அமெரிக்கச் சிறுமி பெரியவளைப் போல வேடமிடுகிறாள். உப்லேட்டாச் சிறுமி எவரைப் போலவும் வேடமிடவில்லை. பெரியவர்கள் சுமக்க வேண்டிய சுமையையே சுமக்கிறாள். முன்னது போலச் செய்தல், பின்னது பிழைப்பு. குழந்தையின் வேடத்தை எடைபோடும்போது, இது விளையாட்டா அல்லது பிழைப்பா என்பதே முதற்கேள்வியாக இருத்தல் வேண்டும்.

பெயர் எங்கே?

இதுகாறும் படத்தைப் போற்றினோம். இனி அதில் உள்ள ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். அது படத்துக்குள் இல்லை. படத்தின் கீழே இருக்கிறது.

இப்படத்துக்கு இடப்பட்ட தலைப்பைத் தமிழில் சொன்னால், ‘ஸ்வீட்டி என்னும் நாய்க்குட்டியுடன் உடல்வளைப்பு வித்தைக்காரி’ என்று வரும். சர்க்கஸின் பெயர் இருக்கிறது. ஊரின் பெயர் இருக்கிறது. ஆண்டு இருக்கிறது. நாய்க்குட்டிக்கும் பெயர் இருக்கிறது. சிறுமியின் பெயர் மட்டும் இல்லை!

அம்மையார் பெயர்களை மதிக்காதவர் என்று கூறுதல் பொருந்தாது. அதே வரிசையில் மிகப் புகழ் பெற்ற படம், அகமதாபாத்தில் எடுக்கப்பட்ட ராம் பிரகாஷ் சிங் என்பவரின் படம். அவர் பெயரும், தும்பிக்கையால் அவரை அணைத்து நிற்கும் சியாமா என்னும் யானையின் பெயரும் தலைப்பில் உள்ளன. வட கரோலினாச் சிறுமியின் படத்திலும் இரு பிள்ளைகளின் பெயர்களும் உள்ளன. ஆகவே இச்சிறுமியின் பெயர் விடுபட்டது ஒரு கொள்கையால் அன்று. ஆயினும் விடுபட்டது விடுபட்டதே. எத்தனையோ கண்காட்சிகளைக் கடந்து வந்த பின்னும் அவள் ‘வித்தைக்காரி’ என்றே நிற்கிறாள். செய்யும் தொழில் அவள் பெயரை விழுங்கிவிட்டது.

பெயர் என்ன அவ்வளவு பெரிதா என்று கேட்கலாம். பதிவேடுகளோடு வாழும் நமக்கு அதன் பெருமை தெரியும். முன்பதிவுப் பட்டியலில் பெயர் உள்ளவர் பயணி, இல்லாதவர் கூட்டம். 1936-ல் டொரோத்தியா லாங்கே அம்மையார் எடுத்த ‘புலம்பெயர்ந்த தாய்’ என்னும் படத்தை உலகமே அறிந்திருந்தது; அத்தாயின் பெயர் வெளிவர 1978 வரை நாற்பத்திரண்டு ஆண்டுகள் ஆயின. ஸ்டீவ் மெக்கரி 1984-ல் பாகிஸ்தானின் அகதி முகாமில் எடுத்த பச்சை விழி ஆப்கானியச் சிறுமியின் முகம் உலகெங்கும் பரவியது. அவள் பெயர் ஷர்பத் குலா என்று 2002-ல்தான் தெரிய வந்தது. முகத்தை எடுத்துக்கொண்ட உலகம் பெயரைக் கேட்க மறந்துவிடுகிறது.

வியப்பு யாதெனில், உப்லேட்டாப் படம் எடுக்கப்பட்ட அதே 1989-ஆம் ஆண்டு நவம்பர் 20-ஆம் நாள் ஐக்கிய நாடுகள் சபை குழந்தை உரிமைகள் பற்றிய உடன்படிக்கையை நிறைவேற்றியது. அதன் 7-ஆம் பிரிவு, பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பெயர் பெறும் உரிமை உண்டு என்கிறது. 12-ஆம் பிரிவு, தன்னைப் பற்றிய செய்திகளில் குழந்தையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்கிறது. 31-ஆம் பிரிவு, ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்கிறது. அவ்வுடன்படிக்கையில் இந்தியா 1992 டிசம்பரில் இணைந்தது. அந்த மூன்று பிரிவுகளையும் இப்படத்தின் பக்கத்தில் வைத்துப் படித்தால், படம் எழுப்பும் கேள்வி எவர்க்கும் விளங்கும்.

சட்டம் வந்த வழி

குழந்தைகள் மேடையேறிப் பிழைத்த வரலாறு சர்க்கஸுக்கு மட்டும் உரியதன்று. நம் தமிழ் நாடக வரலாற்றிலே பெரும் பகுதி சிறுவர்கள் உழைப்பால் எழுந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் சிறு பிள்ளைகளாக அதில் சேர்ந்தனர். எம்.ஜி.ஆரும் அவர் தமையனார் சக்கரபாணியும் வறுமையின் காரணமாகவே மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்க்கப்பட்டனர். சிவாஜி கணேசனும் பால்ய வயதில் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தவரே. அங்கே இசையும் வசனமும் உச்சரிப்பும் பழுதறக் கற்றனர். அடியும் பட்டனர்; தாய் தந்தையரைப் பிரிந்து ஏங்கவும் செய்தனர். மீசை முளைக்காத சிறுவர்கள் மீசை ஒட்டி அரசராகவும், கூந்தல் முடிந்து அரசியாகவும் நின்று இரவெல்லாம் பாடினர். புகழ் பெற்ற நாலைந்து பெயர்களை நாம் பெருமையோடு சொல்லுகிறோம். அவர்களோடு ஒரே பந்தியில் உண்டு, ஒரே பாயில் உறங்கி, குரல் உடைந்ததும் ஊர் திரும்பிய எத்தனையோ சிறுவர்களின் பெயர்களை இன்று சொல்வார் இல்லை. அவர்களும் உப்லேட்டாச் சிறுமியின் உடன்பிறந்தாரே ஆவர்.

சர்க்கஸ் குழந்தைகளுக்கு விடிவு மெல்ல வந்தது. நேபாளத்திலிருந்தும் ஏழை மாவட்டங்களிலிருந்தும் சிறுமியர் கொண்டுவரப்பட்டு, ஒப்பந்தம் என்னும் பெயரால் ஆண்டுக்கணக்கில் கூடாரங்களில் வைக்கப்பட்ட செய்திகள் வெளிவந்தன. 2004-ல் உத்தரப் பிரதேசத்தின் கோண்டா மாவட்டத்தில் அத்தகைய சிறுமியரை மீட்கச் சென்ற கைலாஷ் சத்யார்த்தி தாக்கப்பட்டுக் காயமுற்றார். பத்து ஆண்டுகள் கழித்து அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றவர் அவரே. அவர் நிறுவிய பச்பன் பசாவோ ஆந்தோலன் தொடுத்த வழக்கில், 2011 ஏப்ரல் 18-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், சர்க்கஸ்களில் குழந்தைகளை வேலைக்கு வைப்பதைத் தடை செய்ய அரசுக்கு ஆணையிட்டது. அத்தீர்ப்பு வந்தபோது நம் படத்துச் சிறுமி இளமையைக் கடந்து பல ஆண்டுகள் ஆகியிருக்கும்.

பின்னர் 2016-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் திருத்தப்பட்டது. பதினான்கு வயதுக்கு உட்பட்டோர் எவ்வேலையும் செய்யலாகாது என்று பொது விதி வகுத்த அச்சட்டம், திரைப்படம், விளம்பரம், தொலைக்காட்சித் தொடர் ஆகியவற்றில் நடிக்கும் குழந்தைகளுக்கு விலக்கு அளித்தது. சர்க்கஸுக்கு அவ்விலக்கு இல்லை. 2017-ல் வந்த விதிகளின்படி நடிக்கும் குழந்தையை ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது. ஓய்வின்றி மூன்று மணிக்கு மேல் நிறுத்தலாகாது. தொடர்ந்து இருபத்தேழு நாட்களுக்கு மேல் அழைக்கலாகாது. வருவாயில் 20 சதவீதத்தைக் குழந்தையின் பெயரிலேயே வங்கியில் நிரந்தர வைப்பாக இட வேண்டும். நல்ல விதிகளே. ஆனால் அவற்றில் ஒரு பாடம் மறைந்திருக்கிறது. கூடாரத்து வேடம் தடை செய்யப்பட்டது. காமிராவின் முன் இடும் வேடம் கணக்கிட்டு அனுமதிக்கப்பட்டது. அந்தக் கணக்கு எட்டாத இடம் ஒன்று உண்டு. அதுதான் நம் கையிலுள்ள கைபேசி. தூங்க வேண்டிய பிள்ளையை எழுப்பி, “இன்னும் ஒரு முறை ஆடிக் காட்டு” என்று பதிவு செய்து, முகமறியாதவர்க்கெல்லாம் அனுப்பி, எத்தனை பேர் விரும்பினர் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோமே, அங்கே மணிக்கணக்குப் பார்ப்பார் யார்?

நம் மேடை

இனி நம் மேடைக்கு வருவோம். இங்கே எந்தக் குழந்தையும் பிழைப்புக்காக ஏறவில்லை, அடிபட்டுக் கற்கவில்லை. வேடம் புனைவது குழந்தைக்கு இயல்பான இன்பம். துண்டைத் தலையில் கட்டினால் பாரதி, குச்சியைக் கையில் எடுத்தால் ஔவை என்று தானே மாறும் உள்ளம் அதற்கு உண்டு. மாறுவேடப் போட்டியை நிறுத்துங்கள் என்று சொல்ல நாம் வரவில்லை. ஆயினும் உப்லேட்டாப் படத்துக்கு இட்ட உரைகல்லை நம் மேடைக்கும் இட்டுப் பார்ப்பதே நேர்மை.

முதலாவது: இது குழந்தையின் விளையாட்டா, நம் ஆசையா? விழாவுக்கு முந்திய ஒரு மாதமாகப் பள்ளி விட்டு, டியூஷன் விட்டு, நெரிசல் வண்டியில் வந்து சேரும் பிள்ளையை இரவு பத்து மணி வரை வசனம் ஒப்பிக்கச் செய்யும் வீடுகள் நம்மிடையே உண்டு. பரிசு பெறாத பிள்ளை வீடு திரும்பும் வழியில் பேசாமல் வருவதையும், தாய் தந்தையர் அதைவிட இறுகிய முகத்தோடு வருவதையும் நாம் கண்டிருக்கிறோம். மேடையேற விருப்பமில்லை என்று ஒரு பிள்ளை சொன்னால், அதைக் கேட்டுக்கொள்ளும் செவி நமக்கு வேண்டும்.

இரண்டாவது: வேடத்தை வேடமென்று அறிந்திருக்கிறோமா? இதுவே நம் போன்ற வெளிமாநிலத் தமிழர்க்கு உயிரான கேள்வி. தாராவி போன்ற பகுதிகளில் மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகள் உள்ளன. காட்கோபரில் நம் பிள்ளைகளில் பலர் ஆங்கிலவழியில் பயின்று, இந்தியும் மராத்தியும் எழுதக் கற்று, தமிழை வீட்டில் பேசுவதோடு நிறுத்திக்கொள்கின்றனர். அவர்களுக்குத் திருக்குறளைத் தேவநாகரியிலோ ஆங்கில எழுத்திலோ எழுதிக் கொடுத்து நெட்டுருச் செய்விக்கிறோம். பிள்ளை மேடையேறித் தமிழின் பெருமையை முழங்குகிறது. நாம் கண்கலங்கிக் கைதட்டுகிறோம். “தமிழ் இங்கே வாழ்கிறது” என்று மனம் நிறைந்து வீடு செல்கிறோம். ஆனால் மீசையோடு மொழியும் ஒட்டிவைத்த வேடமாகவே இருந்தால், மீசையைக் கழற்றும்போது அதுவும் கழன்றுவிடும் அன்றோ? சர்க்கஸ் அரங்கின் விளக்கும் இசையும் பார்வையாளரை மயக்கியது போல, ஆண்டுக்கு ஒரு நாள் நிகழும் இவ்விழா நம்மையே நாம் மயக்கிக்கொள்ளும் விழாவாகிவிடலாகாது. குழந்தை நம்மை ஏமாற்றவில்லை. நாம் கற்பித்ததையே அது செய்கிறது. விளக்கணைந்த பின் என்ன எஞ்சுகிறது என்று பார்க்க வேண்டியவர்கள் நாமே.

மூன்றாவது: பெயர். சங்க மலர்கள் பலவற்றிலும், நம்முடையதிலும், குழந்தைகளின் படங்களின் கீழே என்ன எழுதப்படுகிறது? ‘பாரதியார் வேடத்தில் ஒரு சிறுவன்’, ‘கும்மியடிக்கும் சிறுமியர்’, ‘மழலையரின் கலைநிகழ்ச்சி’. விளம்பரம் தந்த கடைகளின் பெயர்களில் ஓர் எழுத்தும் பிழைபடாது. நன்கொடையாளர் பெயர்கள் தொகையோடு வரிசையாக நிற்கும். சிறப்பு விருந்தினரின் பட்டங்கள் முழுமையாக வரும். நாளெல்லாம் ஆடிப்பாடிய குழந்தையின் பெயருக்கு மட்டும் இடம் போதாமற் போகும். உலகப் புகழ் பெற்ற அம்மையாரின் படத்தில் நாம் கண்ட குறை, நம் மலரிலும் ஆண்டுதோறும் இருக்கிறது.

ஒரு வேண்டுகோள்

ஆகவே நிருவாகக் குழுவினர்க்கு எளிய வேண்டுகோள் ஒன்றை முன்வைக்கிறோம். இதற்கு நிதி தேவையில்லை; தீர்மானம் ஒன்று போதும்.

அடுத்த ஆண்டு முதல், இம்மேடையில் ஏறும் ஒவ்வொரு குழந்தையும் தன் பெயரைத் தன் கையாலேயே தமிழில் எழுதித் தரட்டும். எழுத்து கோணலாக இருக்கலாம். ‘ழ’கரத்தின் வால் வேறு பக்கம் திரும்பியிருக்கலாம். அந்தக் கையெழுத்தை அவ்வாறே அச்சுக் கட்டையாக்கியது ஒரு காலம். இன்று கைபேசியால் படமெடுத்து அச்சகத்துக்கு அனுப்பிவிடலாம். அக்குழந்தையின் படத்தின் கீழே அந்தக் கையெழுத்தையே வெளியிடுவோம். படம் வேண்டாம் என்று சொல்லும் பிள்ளையின் படத்தை வெளியிட வேண்டாம். குழந்தைகளின் படங்களைப் பெற்றோர் இசைவின்றிக் கைபேசிக் குழுக்களில் பரப்புவதில்லை என்றும் உறுதி கொள்வோம்.

எழுதத் தெரியாத பிள்ளைகள் என்ன செய்வர் என்று கேட்பீர்கள். அதற்காகவே இவ்வேண்டுகோள். தன் பெயரை எழுதக் கற்பதற்கு நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் போதும். பெயரை எழுதிய கை, தாயின் பெயரை எழுதும்; பின்னர் பூர்விக ஊரின் பெயரை எழுதும். அவ்வூரிலுள்ள தாத்தாவுக்கு இரண்டு வரி எழுதும். சங்கத்தின் அறை ஞாயிறு காலையில் பூட்டியே கிடக்கிறது. கற்பிக்க முன்வரும் தாய்மார்கள் இந்த அவையிலேயே இருக்கின்றனர். நாமும் காலைப் பணி இல்லாத ஞாயிறுகளில் கரும்பலகையைத் துடைக்கவும் சாக்குக்கட்டி எடுத்துக் கொடுக்கவும் வருகிறோம்.

உப்லேட்டாவில் அந்தச் சிறுமி காமிராவின் முன் தன் முழுத் திறமையையும் காட்டினாள். அவளிடம் ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்து, “உன் பெயரை எழுது, அம்மா” என்று எவரேனும் சொல்லியிருந்தால், இன்று உலகம் அவளைப் பெயரிட்டு அழைத்திருக்கும். நம் பிள்ளைகளிடம் தாளையும் பென்சிலையும் கொடுக்க நமக்குத் தடை ஒன்றும் இல்லை. வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அறையைத் திறந்து வைக்குமாறு செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.